சபை அழைத்திருக்கிறது, முகவர் விசிற் விசா என்கிறார்: வடமராட்சித் தம்பதிக்கு ஒரு பதில்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 66. மனைவி அரசாங்க வைத்தியசாலையில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவர், வயது 63. நீரிழிவுக்கு மருந்து எடுக்கிறார். எங்கள் திருச்சபையோடு தொடர்புள்ள இலண்டன் தமிழ்ச் சபையொன்று எங்கள் இருவரையும் 18 மாத ஊழியத்துக்கு அழைத்திருக்கிறது. முதியோரைச் சந்திப்பதும் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பதும் எங்கள் வேலை. சம்பளம் இல்லை, தங்குமிடமும் சாப்பாடும் சபையின் பொறுப்பு. யாழ்ப்பாண நகரிலுள்ள முகவர் ஒருவர் விசிற் விசாவில் போய் அங்கே நீடித்துக்கொள்ளலாம் என்கிறார். இருவருக்கும் 18 இலட்சம் ரூபா கேட்கிறார். காசு போதாவிட்டால் வீட்டை ஒற்றி வைத்துத் தருவதாகவும், அதற்கு அற்றோணித் தத்துவம், அதாவது எங்கள் சார்பில் கையெழுத்து வைக்கும் அதிகாரப் பத்திரம், எழுதித் தரும்படியும் சொல்கிறார். வீடு மனைவியின் சீதனம். போனால் ஓய்வூதியம் நின்றுவிடுமா? அங்கே எங்கள் நாள்கள் எப்படிக் கழியும்? சாப்பாட்டுச் சாமான் கொண்டு போகலாமா என்று மனைவி கேட்கிறார்.

பதில்:

ஐயா, விசிற் விசாவில் போகாதீர்கள். முகவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள். நொத்தாரிசாக இருந்து ஊரவரின் காணி உறுதிகளை எழுதி வருபவன் நான். வெளிநாட்டு ஊழியத்துக்குப் புறப்படும் மூத்த தம்பதிகள் புறப்படுவதற்கு முன்னரும், சிலர் அவசரமாகத் திரும்பி வந்த பின்னரும் என் மேசைக்கு முன்னால் வந்து இருந்திருக்கிறார்கள். இரண்டாவது வகையினரின் முகத்தைப் பார்த்தவன் என்பதால்தான் இவ்வளவு கண்டிப்பாக எழுதுகிறேன்.

பிரித்தானியாவுக்குச் சுற்றுலாப் பயணியாகப் போகிறவருக்குப் பொதுவாக ஆறு மாதம் வரை தங்க அனுமதி கிடைக்கும். அந்தக் காலத்தில் ஊழியம் செய்ய அனுமதி கிடைக்காது. ஒரு விலக்கு உண்டு. முகவர் அதைப் பிடித்துக்கொண்டுதான் உங்களிடம் பேசுகிறார் என்பதால், அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. விசிற் விசாவில் போனவர் அங்கே பதிவுபெற்ற ஒரு அறக்கொடை நிறுவனத்தில் சம்பளமின்றித் தொண்டு செய்யலாம். ஆனால் மொத்தமாக 30 நாள்களுக்கு மேற்படக் கூடாது. மொத்தம் என்ற சொல்லைக் கவனியுங்கள். மாதத்துக்கு 30 நாள் என்று அதற்கு அர்த்தம் இல்லை. இந்தச் சபையில் 30, பக்கத்துச் சபையில் 30 என்றும் இல்லை. சபை அறக்கொடை நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பதும் அந்த விலக்குக்கு உள்ளேயே கிடக்கிற நிபந்தனை. ஒரு வீட்டின் முன்னறையில் கூடுகிற செபக்குழுவுக்கு அது பொருந்தாது. நத்தார்க் காலத்தில் மகளைப் பார்க்கப் போன தாய் சபையில் நான்கு ஞாயிறு பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தால் பிழையில்லை, அவ்வளவுதான். 18 மாத ஊழியத்தை அந்த 30 நாளுக்குள் மடித்து வைக்க எந்த முகவராலும் முடியாது. அங்கே போய் நீடிக்கலாம் என்பதும் பொய்: விசிற் விசாவில் உள்ளே போனவர் அங்கிருந்தபடியே ஊழிய விசாவுக்கு மாற முடியாது. திரும்பி வந்து, வெளியிலிருந்தே விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தில் சுற்றுலா என்று எழுதிவிட்டு, விமான நிலைய அதிகாரி பையைத் திறக்கும்போது சபையின் அழைப்புக் கடிதமும் 18 மாத வேலை அட்டவணையும் அகப்பட்டால் அது ஏமாற்று என்றே கொள்ளப்படும். ஏமாற்றி விண்ணப்பித்தவருக்குப் 10 ஆண்டுத் தடை வரலாம். 66 வயதில் 10 ஆண்டு என்றால் என்னவென்று உங்களுக்கு நான் கணக்குச் சொல்லத் தேவையில்லை.

உங்களுக்குரிய சரியான வழி, சமய ஊழியருக்கான தற்காலிகத் தொழில் விசா. அது 24 மாதம் வரை கிடைக்கும். அறக்கொடை ஊழியருக்கென்று இன்னொரு விசாவும் உண்டு. அது 12 மாதத்தோடு முடிந்துவிடும் என்பதால் உங்களுக்குப் போதாது. சமய ஊழியர் விசாவுக்கு உச்ச வயதெல்லை இல்லை. ஆங்கிலப் பரீட்சையும் இல்லை. முகவர் ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்ற ஆங்கிலப் பரீட்சை வகுப்புக்கு என்று தனியாகக் காசு கேட்டால் அவருடைய நேர்மையை அந்த ஒரு கேள்வியிலேயே அளந்துவிடலாம். உங்களிடம் அந்தச் சபை எதிர்பார்ப்பது உங்கள் தமிழைத்தான். 1847 இல் இங்கே வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். போகிற இடத்து மக்களின் மொழிதான் ஊழியத்தின் முதல் கருவி என்பதை எங்கள் ஊர் அப்போதே கண்டது. இலண்டனில் உங்களுக்காகக் காத்திருக்கிற முதியவர்களின் மொழி உங்கள் நாவிலேயே இருக்கிறது.

இந்த விசாவைத் தொடக்கி வைக்க வேண்டியவர் முகவர் அல்லர், இலண்டன் சபைதான். அந்தச் சபையோ அதன் தலைமை அமைப்போ வெளிநாட்டு ஊழியரை அழைப்பதற்கான அனுசரணை உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் பெற்றோரின் பட்டியலைப் பிரித்தானிய அரசாங்கம் தன் இணையத்தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. பேரப்பிள்ளை ஒருவரைக் கொண்டு ஐந்து நிமிடத்தில் தேடிப் பாருங்கள். பெயர் இல்லையென்றால் போதகருக்குக் கடிதம் எழுதி, உரிமம் எடுத்த பின்னர் அழைக்கும்படி மரியாதையாகச் சொல்லுங்கள். உரிமம் உள்ள சபை உங்களுக்கு அனுசரணைச் சான்றிதழ் ஒன்றை வழங்கும். பெயர்தான் சான்றிதழ், உண்மையில் அது கணினியில் உருவாகும் ஒரு இலக்கம். முத்திரையும் தங்க எழுத்தும் வைத்த கடதாசியை முகவர் நீட்டினால் அது வெறும் கடதாசி. நீங்கள் இருவருமே ஊழியம் செய்யப் போகிறீர்கள் என்பதால் இருவருக்கும் தனித்தனியே சான்றிதழ் கேளுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, ஒவ்வொருவரும் 1,270 பவுண் தம் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருந்ததாகக் காட்ட வேண்டும். இல்லையேல் உங்கள் செலவைத் தாம் பார்த்துக்கொள்வதாகச் சபை அந்தச் சான்றிதழிலேயே உறுதி சொல்ல வேண்டும். தங்குமிடமும் சாப்பாடும் தருகிற சபை இரண்டாவதைச் செய்வதில் தடை இருக்காது. அப்படியிருக்க, "உங்கள் கணக்கில் ஒரு மாதத்துக்குக் காசு போட்டுக் காட்டித் தருகிறேன்" என்று முகவர் சொல்வதை நம்பி வட்டிக் காசை உள்ளே விடாதீர்கள். அடுத்தது தேசிய சுகாதார சேவைக் கட்டணம். அது ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு 1,035 பவுண். விசாக் காலம் முழுவதற்கும் முற்கூட்டியே கட்ட வேண்டும். ஓய்வூதியத்தில் வாழ்கிற இரண்டு பேரிடம், அதுவும் சம்பளம் இல்லாத ஊழியத்துக்குப் போகிறவர்களிடம், இவ்வளவு தொகையை ஒரேயடியாக வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. விசா மறுக்கப்பட்டால் இந்தக் கட்டணம் திரும்ப வரும். விண்ணப்பக் கட்டணம் வராது. இதை யார் கட்டுவது என்பதைச் சபையிடம் இப்போதே எழுத்தில் கேளுங்கள்.

ஆறு மாதத்துக்கு மேற்பட்ட விசாவுக்குக் காசநோய்ப் பரிசோதனையும் வேண்டும். கொழும்பில் புலம்பெயர்வுக்கான சர்வதேச அமைப்பின் நிலையத்தில் நெஞ்சுப் படம் எடுப்பார்கள். ஒரு படத்துக்காக ஏறத்தாழ 400 கிலோமீற்றர் இரவுப் பேருந்தில் மூத்தவர்களை இழுத்தடிப்பதை எத்தனை தடவை கண்டாலும் எனக்கு ஆறுவதில்லை. அந்தச் சான்றிதழ் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும், ஆகையால் அனுசரணை இலக்கம் நிச்சயமான பின்னரே போங்கள்.

ஒன்றை மட்டும் மனைவியும் நீங்களும் மறக்காமல் பாருங்கள். இப்போது பிரித்தானிய விசா, இணையத்திலுள்ள ஒரு கணக்காகவே இருக்கிறது. அந்தக் கணக்கு விண்ணப்பத்தில் கொடுத்த மின்னஞ்சலோடும் தொலைபேசி இலக்கத்தோடும் கட்டுண்டது. முகவர்கள் வசதிக்காக என்று சொல்லித் தங்கள் மின்னஞ்சலைப் போடுகிறார்கள். சென்ற ஒரு தம்பதிக்கு அப்படித்தான் நடந்தது: அங்கே போய் இறங்கிய பிறகு தம் விசாவைத் தாமே திறந்து பார்க்க முடியாமல், ஒவ்வொரு தடவையும் யாழ்ப்பாணத்துக்கு அழைத்து இரகசிய இலக்கம் கேட்டார்கள், மூன்றாவது தடவை முகவர் அதற்கு விலை சொன்னார். உங்கள் பெயரில் ஒரு மின்னஞ்சல் திறந்து, கடவுச்சொல்லை ஒரு கொப்பியில் எழுதி, கடவுச்சீட்டோடு வையுங்கள்.

இனி வீடு. வேறெதையும் கேளாவிட்டாலும் இதைக் கேளுங்கள்: அந்த முகவருக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுக்கக் கூடாது, ஒற்றிக்கும் கூடாது. பொதுத் தத்துவம் என்று எழுதப்படுகிற பத்திரத்தின் நான்காம் பக்கத்தில் விற்க, ஈடு வைக்க, நன்கொடை எழுத என்று சொற்கள் வரிசையாக வரும். மூக்குக் கண்ணாடி இல்லாமல் கையெழுத்து வைத்தவர்கள் ஊருக்கு வரும்போது வளவில் வேறொருவர் வேலி அடைத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். உங்கள் வீடு சீதனம். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. தன் வீட்டுக்கே இன்னொருவரின் சம்மதம் கேட்க வேண்டிய நிலையில் ஒரு பெண்ணை வைத்திருக்கிற அந்தச் சட்டத்தை நான் விரும்பவில்லை. ஆனால் இன்று அது உங்களுக்கு ஒரு கதவாக உதவுகிறது: முகவர் இருவரின் கையெழுத்தையும் ஒன்றாகக் கேட்பதன் காரணம் இதுதான். நீங்கள் வையாவிட்டால் அவரால் நகர முடியாது.

வீட்டைப் பார்க்க ஒருவர் வேண்டும் என்றால், மின்கட்டணம் கட்ட, கிணற்றைத் துப்புரவாக்க, வாடகை வாங்க என்று காரியங்களைப் பெயர் சொல்லிக் குறித்து, 18 மாதம் என்று காலமும் எழுதி, விசேட தத்துவம் ஒன்றை நெருங்கிய உறவினர் ஒருவருக்குக் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். வாடகைக்கு விடுவதாயின் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும், வாய்ப்பேச்சில் விடாதீர்கள். மூல உறுதியை எவரிடமும் கொடுக்காமல் வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள்.

ஓய்வூதியம், வெளிநாடு போனதற்காக நிற்காது. உயிருடன் இருக்கிறீர்கள் என்ற ஆண்டுச் சான்று போய்ச் சேராவிட்டால்தான் நிற்கும். போகுமுன் இருவரும் பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவுக்கு நேரில் சென்று, எந்தத் திகதியில் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். இலண்டனில் இருக்கும்போது ஹைட் பார்க் கார்டன்ஸிலுள்ள இலங்கை உயர் ஸ்தானிகராலயத்தில் உயிர்ச் சான்றிதழை உறுதிப்படுத்தி அனுப்பலாம். 35 ஆண்டு பிள்ளைகளுக்குப் படிப்பித்த ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் தாம் இறக்கவில்லை என்று கடதாசியில் நிரூபிக்க வேண்டியிருப்பதும், அந்தக் கடதாசி மேசைக்கு மேசை தூங்குவதும் வேதனைதான். ஆகவே பிரதியொன்றை உறவினருக்கும் அனுப்பி, அவரை நேரில் போய் விசாரிக்கச் சொல்லுங்கள். ஓய்வூதியப் பணத்தை இங்கேயே கணக்கில் விட்டுவிடுங்கள்; பவுணாக மாற்றினால் அங்கே அது ஒரு வாரத்துக்கும் போதாது.

நாள்கள் எப்படிக் கழியும் என்று கேட்டீர்கள். சென்று வந்த ஒரு அக்கா சொன்னதைச் சொல்கிறேன். மார்கழியில் காலை எட்டு மணிக்குத்தான் வெளிக்கும், நான்கு மணிக்கு முன்னரே பொழுது படும். காலையில் கணவர் சபையின் திறப்பை எடுத்துக்கொண்டு போய் மண்டபத்தின் சூடாக்கியைப் போடுவார். பத்து மணிக்கு வீடுகளுக்குப் புறப்படுவார்கள். ஒரு மாடிவீட்டில் மறதி நோய் கண்ட மூதாட்டி ஒருவர். இருபது ஆண்டு பேசிய ஆங்கிலம் முழுவதும் போய்விட்டது, பராமரிக்கிற பெண்ணுக்கு அவர் கேட்பது விளங்காது. அக்கா போய்ப் பக்கத்தில் இருந்து, "என்ன ஆச்சி, பிளேன்ரீயோ வேணும்?" என்று கேட்டபோது அவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் விடவில்லையாம். மாலையில் தமிழ் வகுப்பு, சனிக்கிழமையில் ஞாயிற்றுச் சாப்பாட்டுக்கு வெங்காயம் உரித்தல். ஊழியர் இல்லத்தில் முதல் நாள் மிளகாய் வறுத்தபோது புகைமணி அலறி, பக்கத்து வீட்டார் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள் என்றும் சொன்னார்.

உழைப்பு அங்கே கூடும். மூத்தவர்களிடம் மறுக்கிற பழக்கம் குறைவு. ஆகவே வாரத்தில் ஒரு முழு ஓய்வுநாள், ஒரு நாளில் எத்தனை வீடு, சூடாக்கிச் செலவு யாருடையது என்பவற்றைப் போகுமுன் கடிதத்தில் வாங்குங்கள். உறவினர் கடைகளில் "அண்ணை, சனிக்கிழமையில் மட்டும் காசுமேசையில் இருங்கோ" என்று அன்போடு கேட்பார்கள். இருக்காதீர்கள். உங்கள் விசா அதற்கு இடம் தராது. அகப்பட்டால் உங்கள் விசாவுக்கும் சபையின் உரிமத்துக்கும் சேர்த்தே ஆபத்து.

அம்மாவின் நீரிழிவுக்கு மூன்று மாத மருந்தைக் கைப்பையில் வையுங்கள். மருந்தின் வியாபாரப் பெயரோடு மூலப் பெயரையும் வைத்தியரைக் கொண்டு கடிதத்தில் எழுதுவியுங்கள். இறங்கிய முதல் வாரத்திலேயே குடும்ப வைத்தியரிடம் பதியுங்கள். இங்கிலாந்தில் 60 வயது கடந்தவர்களுக்கு வைத்தியர் எழுதிய மருந்து இலவசம்.

சாமான்களில், வறுத்து இடித்த மிளகாய்த்தூள் கொண்டு போகலாம். இறைச்சி, நெய், பால்மா வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலையும் முருங்கையிலையும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் எடுத்தால் விமான நிலையத்திலேயே பறித்துவிடுவார்கள். இலண்டனில் ரூட்டிங்கிலும் ஈஸ்ற்ஹாமிலும் எங்கள் கடைகளில் இரண்டும் விற்கிறார்கள்.