கொள்கைப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டால் சங்க உறுப்பினர் என்ன செய்யலாம்?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு தனியார் கிடங்கில் வேலை, சங்க உறுப்பினர். புதிய வருகை விதிகளைக் கொடுத்து, 'படித்தேன், ஏற்கிறேன்' என்று வெள்ளிக்குள் கையெழுத்துப் போடச் சொல்கிறார் மேலாளர். மறுக்கலாமா?

பதில்: மறுக்காதீர்கள். மறுத்தால் பேச்சு விதியை விட்டுவிட்டு, நீங்கள் உத்தரவை மீறினீர்களா என்பதற்குத் திரும்பிவிடும். ஆபத்தான அல்லது சட்டவிரோதமான உத்தரவாக இல்லாதவரை, முதலில் செய்துவிட்டுப் பிறகு முறையிட வேண்டும் என்பதே, சங்கத்துக்கும் நிர்வாகத்துக்குமான தகராறுகளைத் தீர்க்கும் நடுவர்கள் பொதுவாகப் பின்பற்றும் நெறி.

உங்கள் ஒரு கையெழுத்தால், சங்கமும் நிர்வாகமும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தம் மாறிவிடாது. தனிநபரிடம் எழுதி வாங்கிய உடன்படிக்கையைக் காட்டி, கூட்டு ஒப்பந்தம் தரும் பலன்களைக் குறைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1944-இலேயே ஜே.ஐ. கேஸ் வழக்கில் சொல்லிவிட்டது. வருகை விதி போன்ற பணி நிபந்தனைகளைச் சங்கத்துடன் பேசாமல் நிர்வாகம் தானாக மாற்றக் கூடாது என்பது 1962-இன் காட்ஸ் தீர்ப்பு. ஆனால் ஒப்பந்தத்தில் உள்ள நிர்வாக உரிமைப் பிரிவு சில மாற்றங்களுக்கு இடம் கொடுத்திருக்கலாம். அந்தப் பக்கத்தை முதலில் படியுங்கள்.

கையெழுத்தால் வரும் உண்மையான பாதிப்பு வேறு. நாளை ஒழுங்கு நடவடிக்கை வந்தால், 'விதி எனக்குத் தெரியாது' என்ற வாதம் எடுபடாது.

ஆகவே படிவத்தின் நகலைச் சங்கப் பிரதிநிதிக்கு உடனே அனுப்புங்கள். கையெழுத்துக்குப் பக்கத்தில், 'பெற்றுக்கொண்டதற்கு மட்டும். உடன்பாடு இல்லை. கூட்டு ஒப்பந்த உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை' என்று எழுதித் தேதி போடுங்கள். அச்சிட்ட வரிகளை அடிக்க வேண்டாம். அதை வைத்தே புது வம்பு கிளம்பும். கணினியில் 'ஏற்கிறேன்' பொத்தான் மட்டும் இருந்தால், திரையைப் படம் பிடித்துக்கொண்டு, அதே வாசகத்தை அன்றே மனிதவளத் துறைக்கு மின்னஞ்சல் செய்யுங்கள். பிரதிநிதிக்கும் ஒரு நகல் போகட்டும். எழுதவே விடாமல் 'இப்போதே போடு, இல்லையேல் வேலை இல்லை' என்றால் போட்டுவிட்டு, அந்த மிரட்டலைத் தேதி, நேரத்தோடு குறித்து வையுங்கள்.

இதில் பலர் கோட்டை விடுவது கெடுவில்தான். முறையீட்டுக் கெடு ஒப்பந்தத்தில் பெரும்பாலும் நாள்கணக்கில்தான் இருக்கும். தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தில் புகார் கொடுக்க 6 மாதம் உண்டு. பேச்சு நடத்தக் கோர வேண்டியது சங்கம். விதி வருவது தெரிந்தும் அது சும்மா இருந்தால், உரிமையைக் கைவிட்டதாக நிர்வாகம் வாதிடும்.

1975-இன் வைன்கார்ட்டன் உரிமையை இங்கே நம்பி இருக்காதீர்கள். தண்டனையில் முடியக்கூடிய விசாரணைக்குத்தான் பிரதிநிதியை உடன் வைத்துக்கொள்ளக் கேட்கலாம். காகிதம் கொடுப்பதற்கு மட்டும் கூப்பிட்டால் அது பொருந்தாது. 'நேற்று ஏன் தாமதம்?' என்று கேட்கத் தொடங்கினால் பொருந்தும், அப்போது நீங்களே வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

சம்பளப் பிடித்தத்துக்கு ஒப்புதல், வழக்குரிமையைக் கைவிடும் பத்திரம், நீதிமன்றத்துக்குப் பதில் நடுவரிடம் போக ஒப்புக்கொள்ளும் தனிப்பட்ட நடுவர் தீர்ப்பு உடன்படிக்கை போன்றவை வெறும் பெறுகைச் சீட்டுகள் அல்ல. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இவை கோத்திருந்தால் தனியே பிரித்து, பிரதிநிதி பார்க்கும்வரை அவகாசம் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.