கண்டியிலிருந்து வந்த தொட்டில்

மதிப்புக்குரிய ஐயா,

நான் பண்டாரவளைக்கு அருகிலுள்ள தோட்டமொன்றைச் சேர்ந்த ஆசிரியை. சனிக்கிழமை இரவுகளில் இணையவழியே வெளிநாட்டவர்களுக்குப் பேச்சுத் தமிழ் கற்பிக்கிறேன். கென்யா, பிரேசில், ஜப்பான், போலந்து, பிரான்ஸ் என ஐந்து நாடுகளைச் சேர்ந்த எட்டுப் பேர் படிக்கிறார்கள். பிரான்ஸ் மாணவி ரீயூனியன் தீவில் பிறந்தவர். வகுப்புத் தொடங்கும்போது நாட்டுக்கு ஒரு பாட்டாக உலக இசையைக் கேட்கவைத்து, அதைப் பற்றித் தமிழில் பேசவைக்க அட்டவணை போட்டிருக்கிறேன். எந்தப் பாட்டுகளைத் தெரிவு செய்யலாம்? வரிகளின் பொருளை முன்கூட்டியே கொடுக்க வேண்டுமா? எந்தச் செயலி நல்லது? இலங்கைக்கு என்ன போடுவதென்பதுதான் பிடிபடவில்லை. நம் தோட்டப்புறத்தில் தப்புச் சத்தத்தையும் சினிமாப் பாட்டையும் தவிரக் காட்ட எதுவும் இல்லையே?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

செயலியைப் பற்றி உங்கள் மாணவர்களைக் கேளுங்கள். பொருளை முன்கூட்டியே கொடுக்க வேண்டாம். முதல் தடவை வெறுமனே கேட்டுவிட்டு, பாடுகிறவர் அழுகிறாரா, கேலி செய்கிறாரா, யாரையாவது கூப்பிடுகிறாரா என்று தங்களுக்குத் தெரிந்த தமிழில் ஊகிக்கட்டும். அந்த ஊகம்தான் அன்றைய பாடம்.

என்னை உறுத்தியது உங்கள் அட்டவணை. நாட்டுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு பாட்டு. அதே நாட்களில் நானும் வேறொரு அட்டவணையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் நம் மலையகத் தமிழ் மக்களில் 525,000 பேர் இந்தியாவின் கட்டத்திலும் 300,000 பேர் இலங்கையின் கட்டத்திலும் போடப்பட்டார்கள். மிஞ்சிய 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, பத்து ஆண்டுகள் கழித்து அவர்களையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். என் அப்பாயி ஒரு கட்டத்திலும் அவருடைய தங்கை மற்றதிலும் விழுந்தார்கள். ஹட்டன் ரயில் நிலையத்தில் சின்ன அப்பாயியை வழியனுப்பியபோது எனக்கு எட்டு வயது. ரயில் நகர்ந்த பிறகும் அப்பாயி அந்த இடத்தைவிட்டு அசையாமல் நின்றது மட்டும் நினைவிருக்கிறது.

அப்பாயி ஒரு தாலாட்டுப் பாடுவார். அதில் மாமன்மார் மதுரையிலிருந்து தொட்டில் வாங்கி வருவார்கள். எங்கள் பக்கத்து லயத்துக்காரர்கள் அதை ‘இந்தியாப் பாட்டு’ என்பார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு தமிழ்நாட்டில் கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் சின்ன அப்பாயியைத் தேடிப் போனபோது, தம் கொள்ளுப்பேரனை மடியில் போட்டுக்கொண்டு அவர் அதே மெட்டில் அதே தாலாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். ஆனால் மாமன்மார் இப்போது கண்டிச் சீமையிலிருந்து தொட்டில் கொண்டுவந்தார்கள். ஊர்க்காரப் பெண்கள் அதைச் ‘சிலோன் பாட்டு’ என்றார்கள். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன். “தொட்டிலு தூரத்துல இருந்துதானய்யா வரணும்” என்றார்.

இந்தப் பாட்டை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்? அப்பாயிக்கு மட்டும் நேர்ந்த சங்கடம் இது என்று எண்ணாதீர்கள். கென்யாவுக்கு ‘மலாய்க்கா’வைப் போட்டால், அது எங்கள் ஊர்க்காரர் இயற்றியது என்று தன்சானியர்கள் மறுப்பார்கள், சுவாஹிலி மொழிக்கு எல்லைக்கோடு தெரியாது. கேப் வெர்டே தீவுகளின் பாட்டு என்று உலகம் கொண்டாடும், செசாரியா எவோரா 1992இல் பாடிப் பரவிய ‘சோடாட்’, சாவோ டோமே என்ற வேறொரு தீவுக்குப் போகும் வழியைப் பற்றிய ஏக்கம்; அங்கிருந்த கொக்கோத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வழி அது. மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்தவர்களின் பேத்தியான உங்களுக்கு அந்தப் பாட்டுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படாது. ‘உலக இசை’ என்ற பெயரே, எந்தத் தட்டில் அடுக்குவதென்று கடைக்காரர்கள் திண்டாடிய இசைத்தட்டுகளுக்காக 1987இல் லண்டன் மதுச்சாலையொன்றில் இசைத்தட்டு வியாபாரிகள் கூடித் தெரிவு செய்ததுதான். அவர்களுக்குத் தட்டு வேண்டியிருந்தது. உங்களுக்கு எதற்கு?

‘தப்புச் சத்தம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கோபம் வந்தது; மறைக்க மாட்டேன். விடியற்காலையில் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு எழுப்பியதும், காமன் கூத்தில் ரதியையும் மதனையும் ஆடவைத்ததும், உங்கள் பாட்டனைச் சுடலைக்கு அனுப்பியதும் அந்தத் தப்புதான். ரீயூனியனின் கரும்புத் தோட்டங்களில் பிறந்த மலோயாவையும் மேலிடத்தார் நெடுங்காலம் இசையாக மதிக்கவில்லை. 2009இல் அது யுனெஸ்கோ பட்டியலிலேயே ஏறிவிட்டது. உங்கள் மாணவியின் கட்டத்தில் ‘பிரான்ஸ்’ என்று எழுதி, பாரிஸ் பாட்டொன்றைப் போட இருந்தீர்கள் அல்லவா? கரும்புப் பூத்தண்டுகளுக்குள் விதைகளை அடைத்துக் குலுக்கும் காயம்பு என்ற கருவியை அவர் வீட்டில் யாராவது வாசித்திருக்கக்கூடும். தமிழகத்திலிருந்து கூலிகளாகப் போனவர்களின் வழித்தோன்றல்களும் அந்தத் தீவில் இருக்கிறார்கள். அவர் ஏன் தமிழ் படிக்க வந்தார் என்று கேட்டீர்களா?

பாட்டுகளைச் சொல்லாமல் விட்டால் வருத்தப்படுவீர்கள். ஒன்று சொல்கிறேன்: ஹாரி பெலஃபொன்டே 1956இல் புகழ்பெறச் செய்த ஜமெய்க்காவின் வாழைப்பழப் பாட்டு. இரவெல்லாம் கப்பலில் வாழைக்குலை ஏற்றியவர்கள், விடிந்துவிட்டது, கணக்கெடுத்து விடுங்கள், வீட்டுக்குப் போக வேண்டும் என்று கணக்குக்காரனைக் கூப்பிடுகிறார்கள். கொழுந்து மடுவத்தில் தராசுக்கு முன்னால் கூடையுடன் கணக்கப்பிள்ளைக்காகக் காத்து நின்ற எவருக்கும் அது புரியும். ஒருவர் பாட மற்றவர்கள் ஒரே அடியைத் திருப்பிப் பாடுவதால், புதிதாக மொழி படிப்பவர்களின் நாவும் கூச்சமில்லாமல் சேர்ந்துகொள்ளும். அந்த அடியைத் தமிழில் நீங்களே கட்டிக்கொடுங்கள். இலங்கைக்கு எதையாவது போட்டே ஆகவேண்டுமென்றால் பைலா என்ற ஆட்டப்பாட்டு ஒன்றைப் போடுங்கள். அந்தச் சொல் போர்த்துக்கீச மொழியில் ஆடுவதைக் குறிப்பதால், நீங்கள் விளக்குவதற்கு முன்பே பிரேசில்காரர் சிரித்துவிடுவார்.

மற்றபடி அட்டவணையைக் கிழித்துவிட்டு, உங்களைத் தூங்கவைக்க வீட்டில் யார், என்ன பாடினார்கள் என்று ஒவ்வொருவரையும் தமிழில் கேளுங்கள். பாடத் தெரியாதவர்கள் முணுமுணுக்கட்டும். முதலில் நீங்கள் பாட வேண்டும். உங்கள் அம்மாவிடம் இன்றைக்கே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த ரீயூனியன் பெண் என்ன பாடினார் என்று எனக்கு மறக்காமல் எழுதுங்கள்.