போகவும் மாட்டேன், திறக்கவும் விடமாட்டேன்!

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் இரண்டே ரகம். ஒன்று, நீக்கினாலும் போகாத மென்பொருள். மற்றொன்று, சொந்தக் கணினியிலேயே ‘ஆக்சஸ் டினைடு’ என்று கதவைச் சாத்தும் ஃபோல்டர். அநேகமாக எல்லாமே விண்டோஸ் 10, 11 கணினிகளில் வந்த சிக்கல்கள். எப்படியாவது அழிக்க வழி சொல்லுங்கள் என்றுதான் எல்லோரும் கேட்கிறீர்கள். யார் தடுக்கிறார்கள், ஏன் தடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

கே: பழைய கணக்கு மென்பொருள் ஒன்றை நீக்கப் போனால், நிறுவல் கோப்பு எங்கே என்று கேட்கிறது. அந்த சிடி எப்போதோ தொலைந்துவிட்டது. ப்ரோகிராம் ஃபைல்ஸில் இருந்த அதன் ஃபோல்டரை நானே அழித்துவிட்டேன். ஆனாலும் பட்டியலில் பெயர் அப்படியே நிற்கிறது.

ஃபோல்டரை அழித்தீர்களே, அங்கேதான் சிக்கல் கூடியது. விண்டோஸ் இன்ஸ்டாலர் என்ற, விண்டோஸின் சொந்த நிறுவல் சேவை மூலம் ஏறும் மென்பொருள்களுக்கு, அவற்றின் நிறுவல் கோப்பின் ஒரு பிரதி விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘இன்ஸ்டாலர்’ என்ற மறைவான ஃபோல்டரில் இருக்கும். எங்கெங்கே எதை வைத்தோம், எதை எடுக்க வேண்டும் என்ற விவரமெல்லாம் அதில்தான் உண்டு. இடம் அடைக்கிறதே என்று யாராவது அந்த ஃபோல்டரைக் காலி செய்திருந்தால், நீக்கும்போது 1612 என்ற பிழை எண்ணோ, ‘நிறுவல் கோப்பைக் காட்டு’ என்ற கேள்வியோ வந்து நிற்கும். உங்கள் கணினியில் யாரோ அந்தத் ‘துப்புரவை’ச் செய்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

தயாரித்தவர்களிடமிருந்து அதே பதிப்பின் நிறுவல் கோப்பு கிடைத்தால், பழையதன் மேலேயே மறுபடி நிறுவிவிட்டு, பிறகு முறையாக நீக்குங்கள். நீக்குவதற்காக நிறுவுவது கிறுக்குத்தனமாகத் தோன்றும், ஆனால் அதுதான் சுத்தமான வழி. பதிப்பு அதேதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேறு பதிப்பு என்றால், ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று 1638 பிழை வரும்.

கோப்பு கிடைக்கவே இல்லையா? மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ‘ப்ரோகிராம் இன்ஸ்டால் அண்ட் அன்இன்ஸ்டால் ட்ரபிள்ஷூட்டர்’ என்ற சிறு கருவியை இறக்கி ஓட்டுங்கள். பட்டியலில் உங்கள் மென்பொருளைத் தேர்ந்தெடுத்தால், ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளை எழுதிவைக்கும் பதிவேட்டில், சிதைந்து கிடக்கும் பதிவுகளை அதுவே எடுத்துவிடும்.

அப்புறம், எதற்கெடுத்தாலும் ‘சேஃப் மோடில் போய் நீக்கு’ (அத்தியாவசியச் சேவைகளை மட்டும் ஓட்டி விண்டோஸைத் திறப்பது) என்று ஒரு யோசனை சொல்வார்கள். இந்த ரக மென்பொருளுக்கு அது பலிக்காது. சேஃப் மோடில் விண்டோஸ் இன்ஸ்டாலர் சேவை வழக்கமாக ஓடாது.

கே: குரோம் உலாவியில் நான் போடாத ஒரு எக்ஸ்டென்ஷன் (துணை மென்பொருள்) உட்கார்ந்திருக்கிறது. ரிமூவ் பொத்தானே இல்லை. ‘உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது’ என்று வேறு காட்டுகிறது. இது வீட்டுக் கணினி, எந்த நிறுவனமும் இல்லை!

அலுவலகங்களுக்காகச் செய்த ஒரு வசதியை வேண்டாத மென்பொருள் எடுத்தாண்டிருக்கிறது. நிறுவன நிர்வாகி ஊழியர்களின் உலாவியில் கட்டாயமாக ஒரு எக்ஸ்டென்ஷனை ஏற்ற முடியும், அதை ஊழியரால் நீக்க முடியாது. ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி எழுதினாலே போதும், உங்கள் வீட்டையும் ‘நிறுவனம்’ என்று குரோம் நம்பிவிடும்.

முகவரிப் பட்டையில் குரோம் என்று அடித்து, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, அதன்பின் பாலிசி என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். ஒரு பட்டியல் வரும். அதில் ‘எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட்’ என்று ஒரு வரி இருந்தால் அதுதான் ஆசாமி. பக்கத்தில் 32 எழுத்துகள் கொண்ட, அர்த்தமே இல்லாத ஒரு சரம் இருக்கும். அது அந்த எக்ஸ்டென்ஷனின் அடையாளம். எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் டெவலப்பர் மோடைப் போட்டால் அங்கேயும் அதே சரம் தெரியும். இரண்டும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

இனி வரிசை முக்கியம். ரெஜிஸ்ட்ரியை முதலில் தொட்டால் மறுநாள் காலை அது திரும்பி வந்துவிடும், ஏனென்றால் எழுதிய ஆள் இன்னும் உள்ளேயே இருக்கிறான். முதலில், அந்தத் தொல்லை தொடங்கிய நாளில் ஏறிய மென்பொருள்களை, தேதிவாரியாகப் பட்டியலை அடுக்கி, நீக்குங்கள். அடுத்து, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து, பெயரே புரியாத, பவர்ஷெல் என்ற கட்டளைக் கருவியை இயக்கும் வேலை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அதையும் எடுத்தபிறகுதான் ரெஜிஸ்ட்ரி. லோக்கல் மெஷின் கிளையில் சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள், குரோம் என்று இறங்கி, அந்த ஃபோர்ஸ்லிஸ்டை அழியுங்கள். கரன்ட் யூசர் கிளையிலும் அதே பாதையைப் பாருங்கள். அழிக்கும் முன் வலது சொடுக்கில் ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கணினியை மறுதொடக்கம் செய்தால் எக்ஸ்டென்ஷன் தானாகவே போய்விடும், இல்லையென்றால் ரிமூவ் பொத்தானாவது வந்துவிடும்.

அலுவலகம் கொடுத்த மடிக்கணினி என்றால் இதில் எதையும் செய்யாதீர்கள். அங்கே அந்த வாசகம் உண்மை.

கே: கணினியோடு வந்த ஆன்டிவைரஸின் கெடு முடிந்துவிட்டது. நீக்கினாலும் அதன் சேவைகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. டாஸ்க் மேனேஜரில் நிறுத்தவும் முடியவில்லை.

நிறுத்த முடிந்தால் வைரஸும் நிறுத்திவிடுமே! அதற்காகத்தான் தற்காப்பு வைத்திருக்கிறார்கள். ஆன்டிவைரஸ் தயாரிப்பாளர்கள் பலர் நீக்குவதற்கென்றே தனிக் கருவி தருகிறார்கள். அதைத் தயாரிப்பாளரின் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். பழைய ஆன்டிவைரஸ் போனதும் விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் தானாக விழித்துக்கொள்ளும்.

கே: பழைய கணினி பழுதாகிவிட்டது. அதன் ஹார்ட் டிஸ்க்கைப் புதியதில் பொருத்தினேன். படங்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தால் அனுமதி இல்லை என்கிறது. நான் அட்மின். பழைய கணினியிலும் இதே பெயர், இதே பாஸ்வேர்டு.

பெயரை விண்டோஸ் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு நீண்ட எண் உண்டு. ஃபோல்டரில் வலது சொடுக்கி, ப்ராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி பக்கத்துக்குப் போனால் ‘அக்கவுண்ட் அன்நோன்’ என்றும், அடைப்புக்குள் எஸ்-1-5-21 என்று தொடங்கும் எண்ணும் தெரியலாம். அதுதான் பழைய கணினியில் இருந்த நீங்கள். புதிய கணினிக்கு அந்த ‘நீங்கள்’ ஓர் அந்நியர்.

அதே பக்கத்தில் அட்வான்ஸ்டு. மேலே ஓனர் என்ற வரிக்கு எதிரே சேஞ்ச். உங்கள் தற்போதைய கணக்கின் பெயரைக் கொடுத்து, உள்ளே இருக்கும் ஃபோல்டர்களுக்கும் சேர்த்து மாற்றச் சொல்லும் கட்டத்தில் டிக் போட்டு ஓகே. உரிமையாளர் ஆனால் மட்டும் போதாது. மறுபடி உள்ளே வந்து உங்கள் பெயரைச் சேர்த்து ‘ஃபுல் கண்ட்ரோல்’ கொடுங்கள். பத்திரத்தில் பெயர் மாற்றியபிறகு சாவி வாங்குவது போல, இது இரண்டு படி.

கோப்பின் மேல் சிறு பூட்டுப் படம் இருந்தால் இது உதவாது. அது மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்த கோப்பு, அதைத் திறக்கப் பழைய கணக்கின் டிஜிட்டல் சான்றிதழ் வேண்டும். டிஸ்க்கைச் செருகியதுமே 48 இலக்கச் சாவி கேட்டால் அது டிஸ்க்கையே பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர், அந்த எண் இல்லாமல் யாராலும் திறக்க முடியாது.

இந்த வித்தை கைக்கு வந்ததும் சி டிரைவ் முழுவதிலும் பிரயோகிக்கத் தோன்றும். வேண்டாம். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸின் சொந்தக் கோப்புகளுக்கு ‘ட்ரஸ்டட் இன்ஸ்டாலர்’ என்ற சேவைதான் உரிமையாளர், உரிமையை மாற்றாமல் அட்மினே கை வைக்க முடியாது. பல வருடங்களுக்கு முன், ஒரே ஒரு கோப்பை அழிக்கச் சோம்பல்பட்டு நண்பரின் சி டிரைவ் மொத்தத்தையும் என் பெயருக்கு மாற்றினேன். கோப்பு அழிந்தது. மறுநாள் ஸ்டார்ட் மெனு திறக்கவில்லை, அப்டேட் ஏறவில்லை. ராத்திரி முழுக்க உட்கார்ந்து விண்டோஸை மறுபடி போட்டுக் கொடுத்தேன்.

கே: ‘டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்’ ஃபோல்டரும் திறக்கவில்லையே?

அது ஃபோல்டரே இல்லை. விண்டோஸ் எக்ஸ்பி கால மென்பொருள்கள் தடுமாறாமல் ‘யூசர்ஸ்’ ஃபோல்டருக்குத் திருப்பிவிடும் கைகாட்டி மரம். வேண்டுமென்றேதான் பூட்டியிருக்கிறார்கள். விட்டுவிடுங்கள்.

கே: இன்று காலை லாகின் செய்தால் டெஸ்க்டாப் வெறுமையாக இருக்கிறது. தற்காலிக ப்ரொஃபைல் (பயனரின் கோப்புகளும் அமைப்புகளும் சேர்ந்த தொகுப்பு) என்று ஒரு அறிவிப்பு. கோப்புகள் போய்விட்டனவா?

பதறாதீர்கள், யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் அநேகமாக அப்படியே இருக்கும். இப்போது டெஸ்க்டாப்பில் எதையும் சேமிக்காதீர்கள், லாக் அவுட் ஆனதும் அது அழிந்துவிடும். முதலில் ஓரிரு முறை மறுதொடக்கம் செய்துபாருங்கள். சரியாகவில்லை என்றால் ரெஜிஸ்ட்ரியில் ‘ப்ரொஃபைல் லிஸ்ட்’ பகுதியில் ஒரே எண்ணில் இரண்டு பதிவுகள் இருக்கும், ஒன்றின் வாலில் ‘பேக்’ என்று ஒட்டியிருக்கும். வால் இல்லாததன் பெயரை வேறாக மாற்றிவிட்டு, மற்றதன் வாலை வெட்டினால் பழைய டெஸ்க்டாப் திரும்பும். இதற்குத் துணிச்சல் இல்லையென்றால் புதிய கணக்கு ஒன்றைத் தொடங்கி, அட்மின் உரிமையோடு கோப்புகளை அதற்கு நகலெடுங்கள். நான் பாதி நேரம் இதைத்தான் செய்கிறேன்.

கே: ரெஜிஸ்ட்ரி கிளீனர் எது நல்லது?

எதுவும் வேண்டாம். இவற்றைப் பயன்படுத்துவதற்கு மைக்ரோசாஃப்டும் ஆதரவு தருவதில்லை.

கே: பிள்ளைகளின் பழைய விளையாட்டு ஒன்று ஒவ்வொரு முறையும் அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது. அவர்கள் கணக்கையும் அட்மின் ஆக்கிவிடலாமா?

ஒரு விளையாட்டுக்காக வீட்டுச் சாவியையே கொடுக்க வேண்டாம். பழைய விளையாட்டுகள் சில, மதிப்பெண்களையும் அமைப்புகளையும் ப்ரோகிராம் ஃபைல்ஸில் இருக்கும் தங்கள் ஃபோல்டரிலேயே எழுத முயலும். சாதாரணக் கணக்குக்கு அங்கே எழுத அனுமதி இல்லை. விளையாட்டை நீக்கிவிட்டு, சி டிரைவில் ‘கேம்ஸ்’ என்று தனி ஃபோல்டர் போட்டு அதற்குள் நிறுவுங்கள். முடியாது என்றால், அந்த ஒரு விளையாட்டின் ஃபோல்டருக்கு மட்டும் செக்யூரிட்டி பக்கத்தில் ‘யூசர்ஸ்’ குழுவுக்கு ‘மாடிஃபை’ டிக் போடுங்கள். அதன் பிறகும் கேட்டால், குறுக்குவழிப் படத்தின் ப்ராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி பக்கத்தைப் பாருங்கள். ‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கட்டத்தில் யாரோ எப்போதோ டிக் போட்டு மறந்திருப்பார்கள்.