ரிப்போர்ட்டில் 'பாசிட்டிவ்' என்றால் சாப்பிடக் கூடாதா?

அலர்ஜி, ஆஸ்துமா: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவக் குழுவின் பதில்கள்

என் 5 வயது மகனுக்கு அடிக்கடி சளி. லேபில் ரத்தம் கொடுத்து அலர்ஜி டெஸ்ட் எடுத்தோம். அரிசி, பால், கத்தரிக்காய், நிலக்கடலை எல்லாமே பாசிட்டிவ். இரண்டு மாதமாக நிறுத்திவிட்டோம். பையன் இளைத்துப்போனதுதான் மிச்சம். இன்னும் எத்தனை நாள் நிறுத்த வேண்டும்?
– வாசகி, ஈரோடு

டெஸ்டுக்கு முன்பு இவற்றையெல்லாம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் சாப்பிட்டுவந்தான் என்றால், நிறுத்தியிருக்கவே வேண்டாம். அந்த டெஸ்ட் காட்டுவது ரத்தத்தில் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் இருக்கிறதா என்பதை மட்டும்தான். ஐஜிஇ இருந்தும் அந்த உணவை நிம்மதியாகச் சாப்பிடுகிறவர்கள் ஏராளம். கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடத்தி 2016இல் வெளியான ஆய்வில், ஏதாவதொரு உணவுக்கு ஐஜிஇ இருந்தவர்கள் 26.5 சதவீதம். அறிகுறிகளையும் சேர்த்துப் பார்த்தபோது உணவு அலர்ஜி இருக்கலாம் என்று கணக்கில் வந்தவர்கள் 1.2 சதவீதம்தான்.

இவ்வளவு வித்தியாசம் ஏன்? ஒன்றுக்கு எதிராக உருவான ஐஜிஇ, அதே சாயலில் இருக்கும் இன்னொரு புரதத்திலும் போய் ஒட்டிக்கொள்ளும். வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சிக்காக உருவானது, இறாலில் உள்ள டிரோபோமயோசின் புரதத்தையும் பிடிக்கும். ரிப்போர்ட்டில் இறால் பாசிட்டிவ் என்று வந்துவிடும். ஆனால் இப்படி வந்தவர்களில் பலருக்கு இறால் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது.

உண்மையான உணவு அலர்ஜிக்கு ஒரு நடை உண்டு. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து 2 மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, இரைப்பு வரும். அதே உணவை மறுபடி சாப்பிட்டால் மறுபடியும் வரும். மாதக்கணக்கில் ஒழுகும் மூக்குக்கு அரிசியையும் பாலையும் குற்றம் சொல்வதில் அர்த்தமில்லை. முதலில் தலையணை, மெத்தைத் தூசியைப் பாருங்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நிறுத்தியதை நீங்களாகவே வீட்டில் மறுபடி ஆரம்பிக்க வேண்டாம். ஐஜிஇ உள்ள குழந்தைக்கு, அதிலும் கரப்பான் எனப்படும் எக்ஸிமா இருந்தால், ஓர் உணவை நெடுநாள் நிறுத்துவதாலேயே உடம்பு அதை ஏற்கும் பழக்கத்தை இழக்கலாம். முன்பு ஒத்துக்கொண்ட பால், திரும்பக் கொடுக்கும்போது கடும் அலர்ஜியைக் கிளப்பியதும் உண்டு. அலர்ஜி மருத்துவரிடம் போனால், தேவைப்பட்டதை மருத்துவமனையிலேயே உண்ணவைத்துச் சோதிப்பார். மிகச் சிறிய அளவில் தொடங்கி, 20–30 நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் கூட்டுவார்கள்; கடும் அலர்ஜியை அடக்கும் அட்ரினலின் ஊசி பக்கத்திலேயே தயாராக இருக்கும். கடைசித் தீர்ப்பு இந்தச் சோதனையுடையதுதான், ரத்த டெஸ்டுடையது அல்ல. இன்னொன்று: 'ஐஜிஜி' என்ற வேறு வகை எதிர்ப்பொருளின் பெயரைப் போட்டு விற்கப்படும் உணவு ஒவ்வாமைப் பட்டியல்களுக்குப் பணம் கட்டாதீர்கள். அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறோம் என்பதைத் தவிர அது வேறெதையும் சொல்லாது.

தோலில் குத்திப் பார்க்கும் டெஸ்டுக்குப் போகிறேன். என்ன தயாரிப்பு வேண்டும்?
– வாசகர், திண்டுக்கல்

செடிரிசின், லிவோசெடிரிசின், ஃபெக்ஸோஃபெனடின் போன்ற அலர்ஜி மாத்திரைகளைச் சுமார் ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். பலர் கோட்டைவிடுவது சளி மாத்திரையிலும் இருமல் சிரப்பிலும்தான். அதே வகையைச் சேர்ந்த குளோர்ஃபெனிரமின் அவற்றுக்குள் ஒளிந்திருக்கும். அமிட்ரிப்டிலின் போன்ற மனநல மருந்துகளும் முடிவைக் கெடுக்கும். அவற்றை நீங்களாக நிறுத்தாமல், சாப்பிடுவதாக மருத்துவரிடம் சொல்லுங்கள். மான்டெலுகாஸ்ட் என்ற ஆஸ்துமா மாத்திரையையும் இன்ஹேலரையும் நிறுத்த வேண்டியதில்லை. ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாத நாளில் டெஸ்டைத் தள்ளிப்போடுங்கள்.

முன்கையின் உட்புறத்தில் அலர்ஜி தரக்கூடிய பொருள்களின் கரைசல்களைச் சொட்டுச் சொட்டாக வைத்து, ஒவ்வொரு சொட்டின் வழியாகவும் மேல்தோலில் லேசாகக் குத்துவார்கள். 15 முதல் 20 நிமிடத்தில் அளப்பார்கள். இரண்டு சொட்டுகளை நீங்களும் கவனியுங்கள். யாருடைய தோலையும் தடிக்கவைக்கும் ஹிஸ்டமின் வைத்த இடம் தடிக்க வேண்டும். வெறும் உப்புநீர் வைத்த இடம் தடிக்கக் கூடாது. ஹிஸ்டமினே தடிக்கவில்லை என்றால், நிறுத்தச் சொன்ன அலர்ஜி மருந்து உடம்பில் மிச்சமிருக்கலாம். அன்றைய 'நெகட்டிவ்' எதையும் நம்ப முடியாது. உப்புநீரும் தடித்தால், கீறினாலே தடிக்கும் தோல் உங்களுடையது. உப்புநீர்த் தடிப்பைவிட குறைந்தது 3 மி.மீ. பெரிதாக இருந்தால்தான் பாசிட்டிவ். அளக்க வேண்டியது மேடான தடிப்பை, சுற்றியுள்ள சிவப்பை அல்ல. ரத்தம் வருமளவுக்குக் குத்தினாலும், சொட்டுகளுக்கிடையே 2 செ.மீ. இடைவெளி இல்லாவிட்டாலும் பொய்யான பாசிட்டிவ் வரும்.

6 மாதக் குழந்தைக்கு நிலக்கடலை கொடுக்கலாமா? 3 வயது வரை கூடாது என்கிறார்களே?
– வாசகி, திருநெல்வேலி

3 வயதுக் கணக்கு பழைய அறிவுரை. அலர்ஜி அபாயமுள்ள குழந்தைகளுக்கு அப்படிச் சொல்லி அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2000இல் பரிந்துரைத்தது. போதிய ஆதாரமில்லை என்று 2008இல் கைவிட்டது. அதே 2008இல் லண்டன் பேராசிரியர் கிடியன் லாக்கின் குழு ஒன்றைக் கவனித்துச் சொன்னது: பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளிடம் நிலக்கடலை அலர்ஜி, இஸ்ரேலில் உள்ளவர்களைவிடச் சுமார் 10 மடங்கு. இஸ்ரேலில் முதல் வயதிலேயே கடலைத் தின்பண்டம் கொடுத்துவிடுகிறார்கள்.

வெறும் ஒப்பீடு போதாது என்று அவர்களே 'லீப்' ஆய்வை நடத்தினார்கள். கடும் எக்ஸிமாவோ முட்டை அலர்ஜியோ உள்ள, 4 முதல் 11 மாதம் வரையிலான 640 குழந்தைகள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு வாரம் 6 கிராம் கடலைப் புரதம். மீதிப் பேருக்கு 5 வயதுவரை கடலையே இல்லை. 2015இல் முடிவு வந்தது: தவிர்த்தவர்களில் 17.2 சதவீதத்தினருக்கு அலர்ஜி, சாப்பிட்டவர்களில் 3.2. தோல் டெஸ்டில் ஏற்கெனவே 1–4 மி.மீ. தடித்த குழந்தைகளிடமும் இந்தப் பலன் கிடைத்தது. பாசிட்டிவ் வந்ததும் ஓர் உணவை விலக்குவது எவ்வளவு தவறாகப் போகலாம் என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

குழந்தை மற்ற கூழ் உணவுகளுக்குப் பழகிய பிறகு, உடம்பு நன்றாக இருக்கும் நாளில் தொடங்குங்கள். தோல் நீக்கி, வறுத்து, மாவாக அரைத்த கடலை 2 டீஸ்பூனை ராகிக் கூழிலோ மசித்த வாழைப்பழத்திலோ நீர்க்கக் கலக்குங்கள். முதலில் கரண்டி நுனியளவு. 10 நிமிடம் பொறுத்து மீதி. பிறகு 2 மணி நேரம் கண்காணிப்பு. ஒத்துக்கொண்டால் வாரம் 3 முறை தொடர வேண்டும். ஒருமுறை கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் மறந்துவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. முழுக் கடலையும் கெட்டியான கடலை விழுதும் மூச்சுக்குழலை அடைத்துவிடும், கொடுக்கவே கூடாது. கடும் எக்ஸிமாவோ முட்டை அலர்ஜியோ இருந்தால் மருத்துவரைப் பார்க்காமல் தொடங்காதீர்கள்.

இரைப்பு வரும்போது மட்டும் சால்பியுடமால் இன்ஹேலர் அடிக்கிறேன். அது போதாதா?
– வாசகர், மதுரை

போதாது. சால்பியுடமால் மூச்சுக்குழலின் தசையைத் தளர்த்தும், அழற்சியைத் தொடாது. லேசான ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் திடீரென்று கடும் தாக்குதல் வரலாம். 2018இல் வெளியான 'சிக்மா 1' ஆய்வில், தேவைப்படும்போது மட்டும் அழற்சியைக் குறைக்கும் புடெசொனைடும் மூச்சுக்குழலைத் தளர்த்தும் ஃபார்மோட்டெராலும் கலந்த இன்ஹேலரை இழுத்தவர்களுக்கு, தளர்த்தி மருந்தை மட்டும் நம்பியவர்களைவிடக் கடும் தாக்குதல் 64 சதவீதம் குறைந்தது. 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டியான 'ஜினா', சால்பியுடமாலை மட்டும் வைத்துச் சமாளிப்பதைப் பரிந்துரைப்பதில்லை. உங்கள் மருத்துவரிடம் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். கலவை இன்ஹேலர் எல்லாம் ஒன்றல்ல. சால்மெட்ரால் சேர்ந்தது மெதுவாகத்தான் வேலைசெய்யும். இரைக்கும் நேரத்துக்கு அது உதவாது.

பொடி இன்ஹேலரை வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். அழுத்தும் இன்ஹேலரை ஸ்பேசர் எனும் குழாயில் பொருத்தி மெதுவாக. எதுவானாலும் 10 விநாடி மூச்சை அடக்கி, பிறகு வாய் கொப்பளித்துத் துப்புங்கள்.

ஆஸ்துமா மருந்து ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். மருந்துச் சத்தே இல்லாத போலி மருந்து கிடைத்துவிட்டால்?
– வாசகி, சென்னை

ஆஸ்துமா தானாகவே ஏறி இறங்கும். போலி மருந்துக் குழு இல்லாவிட்டால் புது மருந்தால் குறைந்ததா, பருவம் மாறியதால் குறைந்ததா என்று தெரியாது. நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: என் வழக்கமான இன்ஹேலர் தொடருமா? தொடரும் என்று ஒப்புதல் படிவத்திலேயே இருக்க வேண்டும். நள்ளிரவில் இரைத்தால் யாரை அழைப்பது, இந்திய மருந்தாய்வுப் பதிவேடான சிடிஆர்ஐயில் பதிவு எண் என்ன, நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் எது என்பதையும் கேளுங்கள். படிவம் தமிழில் இருக்கட்டும். கையெழுத்திட்ட நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை தர வேண்டும் என்று 2019ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன.

சேர்ந்துவிட்டால் பீக் ஃப்ளோ அளவை (எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்ற அளவு) காலையும் மாலையும் அன்றன்றே எழுதுங்கள். மருத்துவமனைக்குப் போகும் முந்தின இரவு மொத்தமாக நிரப்பும் நோட்டு, ஆய்வையே தவறான முடிவுக்குக் கொண்டுபோய்விடும். ஒருநாள் விட்டுப்போனால் அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விடுங்கள்.