டெக்சாஸில் பழைய கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) கோர்ட் வாசலில் இருக்கும் நினைவுப் பலகை மங்கிவிட்டது. நாமே பெயிண்ட் அடிக்கலாமா? பலகை இருப்பதால் கட்டடத்தை இடிக்க முடியாது என்பது உண்மையா?

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நிறையப் பேர் ஏமாறுவது அதில்தான். வாசலில் பலகை நிற்கிறது என்பதாலேயே கட்டடத்துக்குப் பாதுகாப்பு வந்துவிடாது.

பலகையின் வாசகத்தில் 'ரெக்கார்டட் டெக்சாஸ் ஹிஸ்டாரிக் லேண்ட்மார்க்' (பதிவு பெற்ற டெக்சாஸ் வரலாற்றுச் சின்னம்) என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது வெறும் தகவல் பலகை, சட்ட பலம் கிடையாது. இருந்தால், கட்டடத்தின் வெளிப்புறத்தை மாற்றும் முன் டெக்சாஸ் வரலாற்று ஆணையத்துக்கு 60 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அது முன்னறிவிப்பு மட்டும்தான், நிரந்தரத் தடை அல்ல. 'ஸ்டேட் ஆன்டிக்விட்டீஸ் லேண்ட்மார்க்' (மாநிலத் தொல்பொருள் சின்னம்) என்ற தகுதி இருந்தால்தான் வேலைக்கு முன்பே அனுமதி வாங்கியாக வேண்டும். கவுண்டி கோர்ட்டுகளுக்கென்று தனிச் சட்டமும் உண்டு. இடிக்கவோ விற்கவோ நினைத்தால் கவுண்டி நிர்வாகம் டெக்சாஸ் வரலாற்று ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆணையம் 180 நாள் வரை நிறுத்திவைக்கலாம். ஊர் திரள்வதற்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான்.

இனி பெயிண்ட். 'ஒரு டப்பா கறுப்புப் பெயிண்டுக்கு இவ்வளவு பேச்சா' என்று கீழே யாராவது எழுதுவார்கள். அப்படி நினைத்து அடித்த பலகைகளில்தான் இன்று எழுத்தே தெரியவில்லை. முதல் வேலையாகக் கவுண்டியின் வரலாற்று ஆணையத்திடம் சொல்லி அனுமதி வாங்குங்கள். டெக்சாஸ் வரலாற்று ஆணையத்தின் அனுமதியில்லாமல் கழற்றவோ இடம் மாற்றவோ கூடாது.

பெரிய பலகை 27 அங்குல அகலம், 42 அங்குல உயரம். கிட்டத்தட்ட 8 சதுர அடி. அலுமினியத்தில் வார்த்தது. எழுத்து மேடாக வெள்ளியாய் மின்ன வேண்டும், பின்னணி கறுப்பு. ஸ்ப்ரே டப்பாவில் பிரைமர் (அடிப்பூச்சு) ஒன்று, கறுப்பு ஒன்று, கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) இரண்டு போதும்.

மிதமான சோப்பும் தண்ணீரும் நைலான் பிரஷ்ஷும் கொண்டு கழுவுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து, அடுத்த மழைக்கே துருப்புள்ளியாகும். அடுப்பு கிளீனர் போன்ற காரமும் ஆகாது. அலுமினியத்தை அரித்துக் கறுக்க வைத்துவிடும். உரியும் பெயிண்டை மரச்சில்லால் சுரண்டி, 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, நன்றாக உலர்ந்த பிறகு அலுமினியத்துக்கான பிரைமரும் கறுப்பும் மெல்லிசாக இரண்டு கை. எழுத்து மேலும் படட்டும், பரவாயில்லை.

நுட்பமெல்லாம் அடுத்த கட்டத்தில்தான். கறுப்பு முழுதாகக் காய்ந்தபின், 400 நம்பர் உப்புத்தாளைத் தட்டையான மரக்கட்டையில் சுற்றி, எழுத்தின் தலையை மட்டும் தேயுங்கள். வெறும் விரலால் தேய்த்தால் விரல் எழுத்துகளுக்கு நடுவே இறங்கிப் பள்ளத்துக் கறுப்பையும் எடுத்துவிடும். 'ஏ', 'ஓ' போன்ற ஆங்கில எழுத்துகளின் உள்வட்டத்தில்தான் இது முதலில் தெரியும். வெள்ளி தெரிந்ததும் தூசியைத் துடைத்து அன்றே கிளியர் கோட் அடித்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் உலோகம் மங்கி, அந்த மங்கலின் மேலேயே கிளியர் உட்காரும். ஈரக்காற்றில் அடித்தால் பால் போல வெளுக்கும். கோடை மதியத்தில் தகடே கொதிக்கும், பெயிண்ட் பரவும் முன்பே காய்ந்துவிடும். ஏப்ரல், அக்டோபர் மாதங்களில், பனி உலர்ந்தபின் நிழலில் செய்யுங்கள்.

வேலை முடிந்ததும் புல்வெளி ஸ்ப்ரிங்க்ளரைத் திருப்பி வையுங்கள். உப்புத்தண்ணீர் தினமும் பட்டால் சீக்கிரமே வெள்ளைப் படலம் கட்டிவிடும். டெக்சாஸ் விடுதலையின் 1936 நூற்றாண்டு விழாவுக்கு நட்ட கிரானைட் கற்களுக்கு இந்த முறை பொருந்தாது. அவற்றில் இருப்பது வெண்கல நட்சத்திரமும் வளையமும். அதற்குப் பெயிண்டே கூடாது, கழுவி மெழுகு தடவினால் போதும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், மனசு கேட்கவில்லை. பலகையைப் பளபளப்பாக்கிவிட்டு, அதே வாரம் கட்டடத்தின் கல் இடுக்கில் சிமென்ட் பூசுகிறார்கள். வாக்ஸஹாச்சியில் ஜேம்ஸ் ரைலி கார்டன் வடிவமைத்து 1895 முதல் 1897 வரை கட்டிய எல்லிஸ் கவுண்டி கோர்ட்டைப் பாருங்கள். கிரானைட்டோடு சிவப்பு மணற்கல்லும் சேர்ந்த கட்டடம். மணற்கல் மென்மையானது, அதன் இடுக்கில் கல்லைவிடக் கடினமான பூச்சு போனால் ஈரம் இடுக்கு வழியாக வெளியேறாமல் கல் வழியாகவே வெளியேறும், கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். உதிர்ந்த செதுக்குவேலையை எந்தப் பெயிண்டாலும் திருப்ப முடியாது. கல்லைவிட மென்மையான சுண்ணாம்புக் காரைதான் வேண்டும்.

சுவரில் பதித்த சின்னப் பலகை ஆடினால் கல்லில் துளை போடாதீர்கள், காரை இடுக்கில் போடுங்கள். ஸ்டெயின்லெஸ் திருகு, பலகைக்கும் சுவருக்கும் நடுவே நைலான் வாஷர். ஈரச் சுண்ணாம்போடு அலுமினியம் நேராக ஒட்டியிருந்தால் பின்பக்கமாக அரிக்கும். பலகை கழன்று விழும் வரை அது முன்னாலிருந்து தெரியாது.