ரிவர்பெண்ட் பூங்கா: ஆற்றங்கரைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் கேட்ட கேள்விகள்

வர்ஜீனியாவில் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி நடத்தும் பூங்காக்களில் என் மனதுக்கு மிக நெருக்கமானது ரிவர்பெண்ட். கிரேட் ஃபால்ஸ் அருவிக்குச் சற்று மேலே, பொடோமாக் ஆற்றின் கரையில் 400 ஏக்கருக்கு மேல் பரந்த காடு. பதினான்கு வருடமாக எல்லாப் பருவத்திலும் போய்வருகிறேன். கேட்டிருப்பவற்றில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

ஹெர்ண்டனிலிருந்து ஓர் அம்மா: நான்கு வயதிலும் ஏழு வயதிலும் பிள்ளைகள். எந்த மாதம் போனால் நன்றாக இருக்கும்?

ஏப்ரல் மாதம். புளூபெல் என்னும் காட்டுப்பூ பூக்கும் நேரம் அது. பார்வையாளர் மையத்திலிருந்து ஆற்றை ஒட்டி, நீர் வரும் திசையை நோக்கி நடந்தால் தரை சமமாக இருக்கும், சின்னக் கால்களுக்கும் சிரமமில்லை. மொட்டு இளஞ்சிவப்பு, விரிந்தால் நீலம். ஒரே கொத்தில் இரண்டு நிறத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். வெள்ளம் கொண்டுவந்து போட்ட வண்டல் மண்ணில்தான் இது இப்படிச் செழிக்கிறது. மரங்கள் இலைவிட்டு நிழல் கவிவதற்குள் பூத்து, விதைத்து, ஜூன் வருவதற்குள் செடியே மண்ணுக்குள் அடங்கிவிடும். மே மாதக் கடைசியில் போய்விட்டு, பூவே இல்லையே என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு.

ஒரு வேண்டுகோள். படம் எடுப்பதற்காகப் பிள்ளையைப் பூக்களுக்கு நடுவே உட்கார வைக்காதீர்கள். மிதிபட்ட செடி அடுத்த வருடம் நன்றாக எழும்புவதில்லை. பாதையில் நின்றே நல்ல படம் எடுக்கலாம்.

மழை பெய்த மறுநாள் ஸ்ட்ரோலர் வேண்டாம், சக்கரம் சேற்றில் புதையும்.

ஸ்டெர்லிங்கிலிருந்து: நுழைவுக் கட்டணம் எவ்வளவு?

கிடையாது.

ஆஷ்பர்னிலிருந்து ஒரு தம்பி: ரிவர்பெண்டில் ஆறு குளம் போல அமைதியாக இருக்கிறது. பிள்ளைகள் கரையோரம் கால் நனைக்கலாம் இல்லையா?

கூடாது தம்பி. இது ஒன்றை மட்டும் எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த அமைதிக்குக் காரணம் கீழே இருக்கும் அணை. அருவிக்குச் சற்று மேலே ஆற்றின் குறுக்கே உயரம் குறைந்த பழைய அணை ஒன்று இருக்கிறது. வாஷிங்டன் நகரத்தின் குடிநீருக்காக 19-ஆம் நூற்றாண்டில் கட்டியது. அது நீரைத் தேக்குவதால் ரிவர்பெண்டில் ஆறு அசையாதது போலத் தெரிகிறது. அணையைத் தாண்டியதும் ஒரு மைலுக்கும் குறைந்த தூரத்தில் ஆறு 76 அடி இறங்குகிறது. ஏறக்குறைய ஒவ்வொரு வருடமும் அந்தப் பள்ளத்தாக்கில் உயிர்கள் போகின்றன.

கரையும் நம்பும்படி இல்லை. என் மகனுக்கு ஆறு வயதிருக்கும்போது அவன் செருப்பு தண்ணீரில் விழுந்தது. எடுக்க நான் இறங்கினேன். முதல் அடியில் கணுக்கால், இரண்டாவது அடியில் இடுப்பு. கீழே வழுக்கும் சேறு. ஒரு வேரைப் பிடித்து ஏறிவந்தேன். செருப்பு போய்விட்டது. அவன் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

ரெஸ்டனிலிருந்து: உண்ணிக் கடிக்கு பயந்து போகாமலே இருக்கிறோம்.

போங்கள், ஆனால் திரும்பியதும் உடம்பைப் பாருங்கள். லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி இங்கே உண்டு. மே முதல் ஜூலை வரை திரிகிற இளம் உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். பேன்ட் முனையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டு முழங்கால் பின்புறம், அக்குள், காதின் பின்புறம், தலைமுடிக்குள் எல்லாம் தேடுங்கள். ஒட்டியிருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். எண்ணெய் விடுவது, தீக்குச்சியால் சுடுவது எதுவும் வேண்டாம். அன்றைக்கே எடுத்துவிட்டால் நோய் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. அப்புறம் காய்ச்சலோ, பரவிக்கொண்டே போகும் சிவப்புத் தடிப்போ வந்தால் மருத்துவரிடம் போங்கள்.

சென்ட்ரெவிலிலிருந்து: கார் நிறுத்தக் கட்டணம் உண்டா?

இல்லை. கட்டணம் வாங்குவது பக்கத்திலுள்ள கிரேட் ஃபால்ஸ் தேசியப் பூங்காவில். ரிவர்பெண்டிலிருந்து ஆற்றோரப் பாதையில் இரண்டு மைல் நடந்தால் அங்கே போய்விடலாம். நடந்து போகிறவர்களுக்கும் அங்கே கட்டணம் உண்டு.

ஹெர்ண்டனிலிருந்து ஓர் அக்கா: ஊரிலிருந்து மாமியார் வந்திருக்கிறார். ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரையில் படைத்துவிட்டு காதோலை கருகமணி, பூ, மஞ்சள் எல்லாம் ஆற்றில் விடலாமா?

கரைக்கு வாருங்கள், சித்ரான்னம் கட்டிக்கொண்டு வாருங்கள். மேசையில் தட்டு வைத்துக் கும்பிடுங்கள், தாலிச்சரடு மாற்றிக்கொள்ளுங்கள். ஆற்றில் எதையும் விட வேண்டாம். விளக்கு ஏற்றுவதாக இருந்தால் பூங்கா அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள்.

இந்தப் பதிலுக்கு மறுப்புகள் வரிசையாக வந்துவிட்டன. ஓர் ஐயா, “பூவும் மஞ்சளும் மக்கிப்போகும் பொருள்தானே?” என்கிறார். இன்னொருவர், “ஊரில் காவிரியில் விடுகிறோமே, இந்த ஆறு மட்டும் உசத்தியா?” என்கிறார். மூன்றாமவர், “நதிக்கு எதையும் கொடுக்காமல் என்ன ஆடிப்பெருக்கு?” என்கிறார்.

மூன்றுமே நியாயமான மனதிலிருந்து வருகிறவை. அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

நாம் விடுவது சற்றுக் கீழே அந்த அணைக்குப் போகும். அங்கிருந்து எடுக்கும் தண்ணீரைத்தான் வாஷிங்டன் மக்கள் குடிக்கிறார்கள். மஞ்சள் மக்கும், சரி. ஆனால் இன்றைக்குக் கடையில் வாங்கும் கருகமணியும் வளையலும் பெரும்பாலும் பிளாஸ்டிக். பூவில் நூலும் ஜரிகையும் இருக்கும். ஒரு குடும்பம் விட்டால் தெரியாது, நூறு குடும்பம் விட்டால் அந்தக் கரை என்ன ஆகும் என்று யோசியுங்கள். காவிரிப் படித்துறையில் மறுநாள் காலை கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

உசத்தி தாழ்த்தி எதுவும் இல்லை. வேறு ஆறு, அவ்வளவுதான். ஆடி பதினெட்டு ஏன் வந்தது? குடகில் தென்மேற்குப் பருவமழை கொட்டி, புதுவெள்ளம் காவிரியில் இறங்கிவரும் நேரம் அது. அந்தப் பெருக்கை வரவேற்கத்தான் விழா. பொடோமாக்குக்கு அந்த மழை கிடையாது. அப்பலாச்சியன் மலையில் பனி உருகி, வசந்த மழையும் சேரும்போதுதான் இது பெருகும். அது பங்குனி, சித்திரை. ஆடி ஆவணியில் இது வருடத்திலேயே மெலிந்து கிடக்கும், பாறையெல்லாம் தெரியும். மெலிந்திருக்கிறதே என்று நம்பித்தான் கோடையில் பலர் தண்ணீரில் இறங்குகிறார்கள்.

நதிக்கு என்ன கொடுப்பது என்று கேட்டால், அதன் பெருக்கு நாளில் வந்து நில்லுங்கள் என்பேன். சித்திரையில் வெள்ளம் வடிந்த வண்டலில் கரை நெடுக நீலப்பூ. அதுதான் இந்த ஆற்றின் முளைப்பாரி. நீங்கள் கொண்டுவரும் மஞ்சளையும் பூவையும் வீட்டுக்கு எடுத்துப்போய்ச் செடிக்குப் போடுங்கள்.

ஃபேர்ஃபாக்ஸிலிருந்து: மாமியார் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று கும்பிட்டால் போதும் என்கிறார்.

மேலே அந்தத் தம்பிக்குச் சொன்னதேதான். முழங்கால் அளவுதான் என்று நம்பி இறங்க அந்தக் கரையில் ஓர் இடம் கிடையாது. வேண்டாம்.

ரெஸ்டனிலிருந்து: மீன் பிடிக்கலாமா?

கரையிலிருந்து பிடிக்கலாம். 16 வயது ஆனவர்களுக்கு உரிமம் வேண்டும். உங்கள் பையனுக்கு ஒரு செய்தி: கால் நிற்பது வர்ஜீனியா, தூண்டில் விழுவது மேரிலாந்து. இங்கிலாந்து அரசர் 1632-இல் எழுதிக் கொடுத்த பட்டயத்தின்படி ஆறு முழுவதும் மேரிலாந்துக்குச் சேர்ந்தது.

ஸ்டெர்லிங்கிலிருந்து: ஆகஸ்ட் கடைசியில் தரையில் பச்சைப் பழம் கிடந்தது, மாம்பழ வாசனை. என்ன அது?

பாபா (pawpaw) என்னும் காட்டுப்பழம். நம் சீத்தாப்பழத்தின் குடும்பம், உள்ளே விதையைப் பார்த்தாலே தெரியும். பூங்காவிலிருந்து பழமோ செடியோ எடுத்துப்போக அனுமதி இல்லை.

ஆஷ்பர்னிலிருந்து: டிக்கெட் ஆன்லைனில் எடுக்க வேண்டுமா?

டிக்கெட்டே இல்லை. இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

ஹெர்ண்டன் அக்கா மறுபடியும்: மாமியாரிடம் படித்துக் காட்டினேன். ஏப்ரல் வரை இங்கேதான் இருக்கிறார், அப்போதே போகலாம் என்கிறார். எந்த வாரம்?

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது அக்கா. பெரும்பாலும் ஏப்ரல் இரண்டாவது, மூன்றாவது வாரம். குளிர் நீடித்தால் சில நாள் தள்ளிப்போகும், அதனால் அந்த வாரம் பார்வையாளர் மையத்துக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். சனிக்கிழமை என்றால் ஒன்பது மணிக்குள் வந்துவிடுங்கள், பிறகு கார் நிறுத்த இடம் கிடைக்காது. மாமியாருக்கு நல்ல பிடிப்புள்ள ஷூ வாங்கிக் கொடுங்கள், பாதை ஈரமாக இருக்கும். ஆற்றைப் பார்த்தபடி இருக்கும் மேசையைப் பிடித்துக்கொள்ளுங்கள், புளியோதரையை அங்கே பிரிக்கலாம்.