குரோய்ட்ஸ்பெர்க்கில் முன்கட்டா, பின்கட்டா?

தம்பி, பெர்லினில் வேலை, மனைவியும் கைக்குழந்தையும் கூட வருகிறார்கள், குரோய்ட்ஸ்பெர்க்கில் பழைய கட்டடம் ஒன்றில் வீடு அமையும்போலிருக்கிறது, "அந்த ஏரியாவில் ராத்திரி தூங்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தூங்கலாம். வீடு முன்கட்டா பின்கட்டா என்று மட்டும் முதலில் விசாரியுங்கள். தெருப் பெயரெல்லாம் அப்புறம்.

அங்குள்ள பழைய கட்டடங்களில் பெரும்பாலானவை 1862-இன் ஹோப்ரெக்ட் திட்டம் என்ற பெர்லின் நகர விரிவாக்கத் திட்டத்துக்குப் பின் எழுந்தவை. தெருவைப் பார்த்து ஃபோர்டர்ஹவுஸ் என்கிற முன்கட்டு, நடுவில் முற்றம், அதைத் தாண்டி ஹின்டர்ஹவுஸ் என்கிற பின்கட்டு. அன்றைய விதிப்படி முற்றம் நீள அகலம் 5.34 மீட்டர் இருந்தால் போதும். தீயணைப்பு வண்டி திரும்ப அவ்வளவு இடம் வேண்டுமாம். வெளிச்சத்தை யார் நினைத்தார்கள்! அங்கே ஒரானியன்ஸ்ட்ராஸே (ஸ்ட்ராஸே என்றால் தெரு) என்ற தெருவில் வெள்ளி இரவு ஒரு மணிக்கும் கூட்டம் கலையாது. ஆனால் பின்கட்டில் படுத்தால் எதிர்வீட்டுக்காரர் இருமுவதுதான் கேட்கும். அதே பின்கட்டில் தரைத்தளம் என்றால் டிசம்பரில் நண்பகலிலும் லைட் போட்டுத்தான் காய் நறுக்க வேண்டும். மூன்றாம், நான்காம் மாடி கிடைத்தால் விடாதீர்கள். லிஃப்ட் அநேகமாக இருக்காது, குழந்தை வண்டியைக் கீழே நிறுத்த இடமுண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்கலிட்சர் ஸ்ட்ராஸேயில் முன்கட்டு மட்டும் வேண்டாம். 1902-இலிருந்து அங்கே மெட்ரோ தூண்கள்மேல் ஓடுகிறது, ஜன்னலுக்கு நேராக.

'பெர்லினர் சிம்மர்' என்று ஒரு அறையைக் காட்டுவார்கள். முன்கட்டும் பக்கக்கட்டும் சேரும் மூலையில் பெரிய அறை, முற்றத்தைப் பார்த்து ஒரே ஜன்னல். விளம்பரத்தில் படுக்கையறைக் கணக்கில் சேர்த்திருப்பார்கள். அடுத்த அறைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். என்னைக் கேட்டால் அது நடை, அறையில்லை.

உங்கள் சத்தத்துக்கும் கணக்குண்டு. இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி, ஞாயிறு முழுநாளும். குழந்தை அழுதால் பொறுத்துக்கொள்வார்கள். பலகைத் தரையில் மிக்ஸி அதிர்ந்தால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார்.

இன்னொன்று, கதவு எண் கிடையாது. அழைப்பு மணியிலும் தபால் பெட்டியிலும் உள்ள பெயர்தான் முகவரி. நம்மில் மனைவியின் பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் அவர் அப்பா பெயர்தான் இருக்கும். சாவி வாங்கிய அன்றே இரண்டு பெயரையும் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அவருக்கு வரும் விசா அலுவலகக் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும்.